மூச்சின் எடை

லூபெக். ஆற்றைப் பார்த்த மூன்றாம் மாடி.
துல்லியத் தராசு ஒன்று, பித்தளைப் படிக்கற்கள்,
நான்.

"ஃபிராய்லைன் டெட்லெஃப்சன், மூச்சுக்கு எடை உண்டா?"
வேலைக்குச் சேர்ந்த அன்று ஓக்கன்ஸ் கேட்டார்.
இல்லை என்றேன். சிரித்தார்.
இப்போது வாரத்துக்கு நாற்பது பேரை நிறுக்கிறேன்.

முதுகில் எஃகுக் குப்பி, மார்பில் ரப்பர் பை,
இரண்டுக்கும் நடுவே காரம் நிறைத்த தகர டப்பா.
விட்ட மூச்சு டப்பாவுக்குள் போகும்.
கரியமிலம் அங்கேயே தங்கிவிடும்.
மிச்சம், கொஞ்சம் புது ஆக்சிஜனோடு,
மறுபடி அதே வாய்க்கு வரும்.
ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்து உடுத்துவதுபோல.
வீட்டில் நாங்கள் ஏழு பேர். எனக்கு அது புதிதில்லை.

போகும்போது ஓர் எடை, வரும்போது ஓர் எடை.
கூடியிருப்பது ஒரு மனிதன்.
இரண்டு மணி நேரத்துக்கு இருநூற்று முப்பது கிராம்.
பயந்தவன் சற்றே கனப்பான்.
இருபது கிராமோடு திரும்பும் டப்பாவைப் பற்றி
யாரும் என்னிடம் பேசுவதில்லை.

கீழே முற்றத்தில் எஃகுத் தொட்டி.
சுரங்கத்துக்குச் செய்ததை அதில்
கடலுக்குப் பழக்குகிறார்கள்.
வட்டக் கண்ணாடிக்குள்ளிருந்து ஹின்னர்க் கையசைப்பான்.
ஆறு மீட்டர் அழுத்தம், கையசைத்தான்.
பத்து, கையசைத்தான்.
இருபதில் உதடு துடித்தது, பிறகு தோள்,
பிறகு படகில் போட்ட மீனாய் முழு உடம்பும்.
இழுத்துப் போட்டார்கள். நாக்கில் ரத்தம்.
குப்பியில் சுத்தமான ஆக்சிஜன், குழாயில் குறையில்லை.
அளவுக்கு மிஞ்சவில்லை.
ஆழத்துக்கு மிஞ்சியது.
அமிர்தம் எத்தனை மீட்டரில் நஞ்சாகும் என்று
ஓக்கன்ஸ் சுவரில் பென்சிலால் கோடு போட்டார்.
மறுவாரம் அழித்துவிட்டு
இரண்டு மீட்டர் மேலே போட்டார்.
ஹின்னர்க் இப்போது கிடங்கில்.
காப்பிக் கோப்பையை இரு கையாலும் பிடிக்கிறான்.

நீர்மூழ்கிக் கப்பலுக்கென்று வாங்கிப்போகிறார்களே, அவை
எதுவும் இன்னும் திரும்பவில்லை.
அந்தப் பக்கங்களில் போகும் எடை மட்டும்.
வலப்பக்கம் வெள்ளைத் தாள்.

எண் நானூற்றுப் பதினேழு ஒரு செவ்வாயன்று வந்தது.
வெஸ்ட்ஃபாலியா. நிலக்கரிச் சுரங்கம். தீ.
அணிந்தவர்: போகுமில் க்ருஷ்கா.
முந்நூற்று நாற்பது.
தராசைத் துடைத்தேன். படிக்கற்களைத் துடைத்தேன்.
முந்நூற்று நாற்பது.
"ஈரம் ஏறியிருக்கும்," என்றார் ஓக்கன்ஸ்.
"குறைத்து எழுதுங்கள்."

வாய்த்துண்டைக் கழற்றி எரிக்க வேண்டும், அது விதி.
கழற்றினேன்.
ரப்பரில் பல்தடம். எப்போதும் இருப்பதுதான்.
இதில் இரண்டு வரிசை.
ஒன்று அகலம், ஆழம், புகையிலைக் கறை.
அதன்மேல் கோணலாக இன்னொன்று,
சின்னது, முன்பல் உடைந்தது.

வண்டிக் குதிரைக்குப் புல் போடும் பையனாக இருக்கலாம்.
பத்து மூச்சு எனக்கு, பத்து மூச்சு உனக்கு,
மூக்குக் கவ்வியை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு.
பேச முடியாது. பேச வாய் திறந்தால் புகை.
விரல்களால் எண்ணியிருப்பார்கள்,
உள்ளங்கையில், இருட்டில்.
பத்தை எட்டாகக் குறைத்தது யார்?
மேலே வந்தது எத்தனை பேர்?
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

ஓரத்தில் "இருவர்" என்று எழுதினேன்.
ஓக்கன்ஸ் அடித்தார்.
மறுநாள், எல்லாரும் போன பிறகு வந்து
அடித்ததற்குக் கீழே அவரே எழுதினார்,
கேள்விக்குறி போட்டு.

எரிக்கவில்லை.
ஒரு மாலை அதை வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தேன்.
கரி. உப்பு. வேறு யாரோ.
என் பற்கள் இரண்டு வரிசையிலும் பொருந்தவில்லை.

எண் ஐந்நூற்றொன்பது.
இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
ஒருவர்.
அடுத்தது.